தொடருக்கு ஒரு சொல்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் ஆங்கிலப் பயிற்சியின் வரலாறு

நீண்ட சொற்றொடர் ஒன்றைக் கொடுத்து, அதன் பொருள் முழுவதையும் தாங்கும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைக் கேட்கும் பயிற்சியைத் தமிழ்நாட்டு மாணவர்கள் ‘ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூஷன்’ என்ற பெயராலேயே அறிவர். ஒருவர் மறைந்த பின்னர் அவருக்கு வழங்கப்படும் விருது ‘பாஸ்தியுமஸ்’ என்றும், இரு கைகளையும் ஒரே திறத்துடன் பயன்படுத்துபவர் ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்றும், படிக்க இயலாத கையெழுத்து ‘இல்லெஜிபிள்’ என்றும் விடையளிக்கப் பழக்கும் இப்பயிற்சி, சொல்வளம் பெருக்கும் வழியாக இன்று பாடநூல்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இடம்பெறுகிறது. ஆயினும் இதற்கான தேவை வகுப்பறையில் மட்டும் தோன்றியதன்று; கோப்புகளைச் சுருக்கி எழுத வேண்டியிருந்த அரசு அலுவலகமும், சொல்லை எண்ணிக் கட்டணம் வாங்கிய தந்தி நிலையமும் அத்தேவையை வளர்த்தன. படைமுகாம், இருப்புப்பாதை, ஆலை, தேர்வுப் பயிற்சி மையம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பதற்கு ஏற்ற நிலப்பகுதியாகும்.

ஆங்கிலம் வருவதற்கு முன்னரே சொல் திரட்டும் கல்வி இங்கு இருந்தது. தமிழில் நிகண்டு எனப்படுவது, அகரவரிசையில் பொருள் தேடும் அகராதியைப் போலன்றி, பொருளால் தொடர்புடைய சொற்களை ஓரிடத்தில் தொகுத்துச் செய்யுளாகக் கட்டி மனத்தில் பதியவைக்கும் நூல்வகையாகும். காலத்தால் முந்திய திவாகரம், பிங்கலம் ஆகியவை நூற்பாவால் அமைய, 16ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சமணப் புலவர் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் இயற்றினார். ஓசை எளிதாக நாவில் படிவதால் அந்நூலே திண்ணைப் பள்ளிகளில் மிகுதியும் வழங்கியது. பன்னிரண்டு தொகுதிகளாகப் பகுக்கப்பட்ட அந்நூலில், முதற் பத்துத் தொகுதிகள் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூற, பதினோராம் தொகுதி ஒரே சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் தருகிறது. இறுதித் தொகுதியின் பெயர் ‘பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’ என்பதாகும். அதாவது, தனித்தனிப் பெயர்களைக் கொண்ட பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் ஒரே பெயரைக் கூறும் பகுதி. ஞாயிறும் திங்களும் இருசுடர் என்றும், தேர், யானை, குதிரை, காலாள் ஆகியவை நாற்படை என்றும் ஒரு பெயருக்குள் அடங்கும் முறை அது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது, பெயர், பொருள், தொடை ஆகியவற்றோடு தொகை என்பதற்கும் தனிப் பகுதி ஒதுக்கியது இம்மரபின் வலிமையைக் காட்டுகிறது.

தொடரைச் சொல்லாக்கும் வேறொரு வழியும் தமிழ் இலக்கணத்துக்குள் உண்டு. பொன்னால் ஆன வளையலை அணிந்த பெண் என்னும் நீண்ட தொடரைப் ‘பொற்றொடி’ என்று சுருக்கி, வளையலைக் குறிக்கும் சொல்லையே அதை அணிந்தவளுக்கு ஆக்கும் அன்மொழித்தொகை அத்தகையது. இம்முறையில் பிறக்கும் சொல்லை எவரும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உறுப்புகளை அறிந்தவர் முழுமையையும் அறிந்துகொள்வர். பிற்காலத்து ஆங்கிலப் பயிற்சி தந்த தொல்லையின் பெரும்பகுதி இவ்வசதி இல்லாமையால் வந்தது என்பது மிகையாகாது.

திண்ணைப் பள்ளியின் பரவலைப் பற்றிய நம்பத்தகுந்த எண்கள் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கின்றன. மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்தபோது, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றது தெரியவந்தது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பூந்தமல்லிச் சுற்றுவட்டாரமும் இக்கல்விமுறைக்கு உட்பட்டதே. பெரிய புராணம் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூரும், ஆழ்வாரின் பெயரோடு இணைந்த திருமழிசையும், திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியும் சில கல் தொலைவுக்குள் அமைந்த அந்நிலப்பகுதியில், செய்யுளை உருவேற்றுவது கல்வியின் வேறு பெயராகவே இருந்தது. உருவேற்றல் என்பது ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓதி நினைவில் நிறுத்துவது. சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் ஓர் அடியைச் சொல்ல, மற்றவர் ஒருமித்துச் சொல்வர்.

அதே பூந்தமல்லியில்தான் ஆங்கிலப் படையின் முகாமும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து வந்திறங்கும் வீரர்கள் தத்தம் படைப்பிரிவுகளுக்குச் செல்லும்முன் தங்கும் கிடங்குமுகாமாக அவ்வூர் பயன்பட்டது. அத்தகைய முகாமைச் சுற்றி வளரும் ஆங்கிலம் இலக்கண ஆங்கிலமாக இருக்க வாய்ப்பில்லை. சரக்குக்கும் வேலைக்கும் கூலிக்கும் போதுமான சொற்களே அங்கு புழங்கின. ஆங்கிலத்தை வாழ்க்கைத் தேவையாக மாற்றியது வேறோர் ஆணை. அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையைத் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் 1844இல் அறிவித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றி மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தத் தொடங்கியபின், எழுத்தர் வேலை என்பது தேர்ச்சிச் சான்றிதழோடு ஒட்டிப் பிறந்த ஒன்றாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1856 ஜூலை 1ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ராயபுரத்திலிருந்து ஆவடி வழித்தடத்தில் வாலாஜா ரோடு வரை ஓடியது. வண்டி ஓடிய தடத்தோடு தந்திக் கம்பியும் சென்றது.

இந்தியாவில் தந்திச் சேவை பொதுமக்களுக்கு 1855இல் திறந்துவிடப்பட்டது. கடிதத்தில் எத்தனை சொல் எழுதினாலும் எடைக்கேற்ற கட்டணமே. தந்தியிலோ ஒவ்வொரு சொல்லும் செலவு. எனவே தந்திப் படிவத்தின் முன் நின்றவர், ‘நான் நாளை காலை அங்கு வந்து சேர்வேன்’ என்னும் பொருளை ‘ரீச்சிங் டுமாரோ’ என்று இரண்டு சொல்லில் அடக்கினார். நேரமின்மை, உடல்நிலை, பணத்தேவை என அனைத்தையும் அவ்வாறே குறுக்கினார். வணிக நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. 1873இல் வெளிவந்த ஏ.பி.சி. குறியீட்டு நூலும், 1906இல் வெளிவந்த பென்ட்லியின் சொற்றொடர்க் குறியீட்டு நூலும், சரக்கு அனுப்பியாயிற்று, விலை ஏற்க இயலாது என்பன போன்ற முழுவாக்கியங்களுக்குத் தனித்தனிக் குறிச்சொற்களை வகுத்துத் தந்தன; பென்ட்லியில் ஒவ்வொரு குறிச்சொல்லும் ஐந்தெழுத்தால் ஆனது. அஞ்சல் தந்தித் துறையின் வாழ்த்துத் தந்திகளும் இவ்வகையினவே: திருமண வாழ்த்து, தேர்வு வெற்றி வாழ்த்து முதலிய தொடர்களுக்கு எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, அனுப்புவோர் எண்ணை மட்டும் குறிக்க, பெறுவோருக்குத் தொடர் முழுமையாகச் சென்று சேர்ந்தது. இதன் எச்சம் ஒன்றை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் காலத்துக் கடிதத்தாள்களிலும் காணலாம். தொலைபேசி எண்ணுக்கு அருகே ‘கிராம்ஸ்’ என்று அச்சிட்டு, அதை அடுத்து ஒற்றைச் சொல் ஒன்று நிற்கும். அது நிறுவனம் தந்தி நிலையத்தில் பதிவுசெய்த தந்தி முகவரி. கதவு எண், தெரு, பேட்டை ஆகிய அனைத்துக்கும் பதிலியாக அமைந்த ஒரு சொல்.

அலுவலகத்துக்குள் இதே வேலையைச் செய்தது ‘பிரெசி’ எனப்படும் சுருக்கவரைவு. நீண்ட கடிதத்தையோ கடிதத் தொகுதியையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, மேலதிகாரி ஒரே பார்வையில் முடிவெடுக்கும்படி எழுதுவதே பிரெசி. பிரிட்டனில் நார்த்கோட்–டிரெவெலியன் அறிக்கை 1854இல் போட்டித் தேர்வுவழி ஆளெடுப்பைப் பரிந்துரைக்க, இந்தியக் குடிமைப்பணிக்கான போட்டித் தேர்வு 1855இல் தொடங்கியது. தேர்வுவழி ஆளெடுக்கும் முறை பரவப் பரவச் சுருக்கவரைவும் எழுத்தரின் தகுதிகளுள் ஒன்றாயிற்று. ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்பதற்கு நிகரான ஆங்கில வணக்கத் தொடர்களை அடுக்கியே விண்ணப்பம் எழுதப் பழகிய நாட்டில், தொடரைக் குறைத்து எழுதும் கலை தனியாகக் கற்பிக்கப்பட வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதுபவருக்கு நீளமும், அதைக் கோப்பில் பதிபவருக்குச் சுருக்கமும் பயன்பட்டன என்பது அலுவலக ஆங்கிலத்தின் விந்தைகளுள் ஒன்று.

பள்ளி இலக்கண நூல்கள் இப்பயிற்சியை முறைப்படுத்தின. வட இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்டு 1890களில் எழுதிய இலக்கண நூல்கள் நாடெங்கும் பரவின. அவற்றுக்குப் பின்னர் 1930களில் வந்த ரென், மார்ட்டின் இருவரின் உயர்நிலைப் பள்ளி இலக்கணம் இன்றுவரை அச்சில் உள்ளது. ஆசிரியர்களுள் ஒருவரான பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றி, பின்னாளில் ‘போ ஜெஸ்ட்’ என்னும் சாகச நாவலால் புகழ்பெற்றவர். பெயரடைத் தொடரைப் பெயரடையாகவும், வினையடைத் தொடரை வினையடையாகவும் மாற்றும் பயிற்சிகள் அந்நூலில் உள்ளன. ‘எ மேன் ஆஃப் வெல்த்’ என்பது ‘எ வெல்த்தி மேன்’ ஆவதும், ‘வித் கேர்’ என்பது ‘கேர்ஃபுலி’ ஆவதும் இவ்வகை. இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: தொடரில் உள்ள சொல்லே ஈறு மாறி விடையாகிறது, மாணவர் புதிய சொல் எதையும் வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. இது இலக்கணப் பயிற்சி. இதற்கும், தொடரோடு வடிவ உறவு எதுவும் இல்லாத லத்தீன் வழிச் சொல்லைக் கேட்கும் பிற்காலத்துப் பயிற்சிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

அத்தொலைவை அளக்க 1906ஆம் ஆண்டு நூலொன்று உதவுகிறது. ஃபௌலர் சகோதரர்கள் எழுதிய ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ என்னும் நடைநூல், சுற்றிவளைத்த தொடரைவிட ஒற்றைச் சொல்லே மேல் என்னும் விதியைத் தன் தொடக்கத்திலேயே கூறுகிறது. ஆனால் ஐந்து விதிகளுள் அது மூன்றாவது. முதல் விதியோ, வழக்கத்தில் இல்லாத அரிய சொல்லைவிடப் பழகிய சொல்லே மேல் என்பது. தமிழர்க்கு இவ்விரு நெறிகளும் புதியன அல்ல. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறுகையில் சுருங்கச் சொல்லலை முதலிலும், அதை அடுத்தே விளங்க வைத்தலையும் வைக்கிறது. சுருக்கம் விளக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதே உரையாசிரியர் பலரும் கண்ட கருத்து. போட்டித் தேர்வுக்குரிய பட்டியல்கள் ஃபௌலரின் மூன்றாம் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் விதியைக் கைவிட்டன.

மேற்குப் புறநகர் ஆலைநகரமானது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் அம்பத்தூரில் அமைந்தது. காங்கிரசு மாநாடு 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிச் சோசலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் 1961இல் ஆவடியில் தொடங்கப்பட, விஜயந்தா டாங்கி 1965இல் அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் உருவாகித் தென்னாசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்தது. இந்நிறுவனங்களோடு நீண்ட ஆங்கிலப் பெயர்களும் வந்தன. ஊரார் அவற்றை எழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டனர். எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப்., சி.வி.ஆர்.டி.இ. என்று பேருந்து நிறுத்தங்களுக்குப் பெயர் வழங்கலாயிற்று. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை ‘சி.டி.எச். ரோடு’ ஆயிற்று, மெட்ராஸ் சென்னையான பின்னரும் முதியவர் நாவில் அது ‘எம்.டி.எச். ரோடு’. இப்பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஆவடியின் பெயரே சான்று. படைக்கல வாகனங்களையும் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்தே ‘ஆவடி’ பிறந்தது என்று பலரும் இன்றும் உறுதியாகக் கூறுவர். தொழிற்சாலை எழும்புமுன்னரே அப்பெயரில் மாநாடு நடந்ததும், அதற்கும் நெடுங்காலம் முன்னரே தொடர்வண்டி நிலையம் அப்பெயரைத் தாங்கியதும் இக்கதையை மறுக்கப் போதுமானவை. எந்தப் பெயருக்குள்ளும் ஓர் ஆங்கிலத் தொடர் ஒளிந்திருக்கும் என்று எண்ணும் மனப்பாங்கு மட்டும் உண்மையானது.

ஆலை வேலைக்கு அடுத்தபடியாகக் குடும்பங்கள் நாடியது அலுவலக வேலையை. அதற்கான நுழைவாயில் தட்டச்சுப் பயிலகம். ஒரு கூடத்தில் வரிசையாக வைத்த ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் இயந்திரங்களின் முன் அமர்ந்து, ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று இடக்கை விரல்களும் ‘செமிகோலன் எல் கே ஜே எச் ஜே’ என்று வலக்கை விரல்களும் பழகும்வரை பக்கம் பக்கமாக அடிப்பதே முதல் பாடம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொல் அடிப்பது இளநிலை, 45 சொல் அடிப்பது முதுநிலை. பேச்சுவழக்கில் ‘லோயர்’, ‘ஹையர்’. சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80 சொல்லும் முதுநிலைக்கு 120 சொல்லும் வேகம். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையின் உயிர்நாடி தொடரை ஒரு கோடாக்குவதில் உள்ளது: அடிக்கடி வரும் சொல்லுக்கு ஒரு குறி, ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்’ போன்ற வணிகத் தொடருக்குக் கையெடுக்காமல் இழுக்கும் ஒரே வரைவு. சுருக்கெழுத்தைக் கற்ற இளைஞர், எந்தெந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை இலக்கணப் பாடத்தைவிட நன்றாகக் கற்றுக்கொண்டனர் என்று கருத இடமுண்டு. பூந்தமல்லியில் இயங்கும் பார்வையற்றோர் அரசுப் பள்ளியின் மாணவர்க்கும் இவ்வகைச் சுருக்கம் அறிமுகமானது. சுருக்கப் பிரெய்லி ஆங்கிலத்தில் ‘கே’ என்னும் ஓர் எழுத்து தனித்து நின்றால் ‘நாலெட்ஜ்’ என்றும், ‘பி’ தனித்து நின்றால் ‘பீப்பிள்’ என்றும் விரல் உணரும்.

போட்டித் தேர்வு இந்தக் கருவிகளைச் சல்லடையாக மாற்றியது. மாகாண அளவில் முதன்முதலாகச் சென்னையில்தான் 1929இல் பணித் தேர்வாணையம் ஏற்பட்டது. அதன் வழித்தோன்றலே இன்றைய டி.என்.பி.எஸ்.சி. ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 1975இல் அமைந்த ஆணையம் 1977இல் எஸ்.எஸ்.சி. என்ற இப்போதைய பெயரைப் பெற்றது. விண்ணப்பதாரர் எண்ணிக்கை பெருகப் பெருக, விடைத்தாளை ஆள் திருத்துவது இயலாததாகி, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் கொள்குறி வினா முறை வேரூன்றியது. தொடருக்கு ஒரு சொல் கேட்கும் வினா அம்முறைக்கு மிகவும் பொருந்தியது. விடையில் ஐயத்துக்கு இடமில்லை, எந்திரமே திருத்திவிடும். நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய ‘வேர்டு பவர் மேட் ஈஸி’ என்னும் அமெரிக்க நூல், கிரேக்க, லத்தீன் வேர்களைக் கொண்டு சொற்குடும்பங்களை விளக்குவது. பயிற்சி மையங்களில் அதன் வழியே ‘சைட்’ என்றால் கொலை, ‘ஃபோபியா’ என்றால் அச்சம், ‘கிரசி’ என்றால் ஆட்சி என்ற அளவில் வேர்கள் கற்பிக்கப்பட்டன. லூயிஸ் பக்கம் பக்கமாகக் கதைபோல் விரித்த விளக்கம் பெரும்பாலும் உதிர்ந்து, பட்டியல் மட்டும் நிலைத்தது. தாயைக் கொன்றவருக்கும் அரசனைக் கொன்றவருக்கும் தனித்தனி ஆங்கிலச் சொல் அறிந்திருந்து, வாடகை ஒப்பந்தத்தில் வரும் எளிய சொல்லுக்குத் தடுமாறும் நிலை இதனால் விளைந்தது.

நிகண்டோடு ஒப்பிட்டால் இப்பட்டியலின் குறை தெளிவாகும். சூடாமணி நிகண்டை உருவேற்றிய மாணவர் அச்சொற்களை அடுத்த படியிலேயே அந்தாதியிலும் புராணத்திலும் எதிர்கொண்டார். மனப்பாடம் வாசிப்புக்கு வாயிலாக இருந்தது. தந்தி எழுதியவரும் பிரெசி எழுதியவரும் சுருக்கிய சொல்லை உடனே ஒரு வாக்கியத்தில் வைத்தனர். தவறினால் பொருளோ காசோ இழப்பு. தேர்வுப் பட்டியலைக் கற்றவருக்கோ அச்சொல்லைப் பயன்படுத்தும் இடம் பெரும்பாலும் தேர்வறை ஒன்றே. குற்றம் மனப்பாடத்தில் இல்லை. மனப்பாடத்துக்குப் பின் வர வேண்டிய வாசிப்பும் எழுத்தும் இல்லாமையில் இருக்கிறது. அதேவேளையில், ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து வந்து, இப்பட்டியல் ஒன்றையே துணையாகக் கொண்டு அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அது எளிய, மலிவான ஏணியாக இருந்ததையும் வரலாறு பதிவுசெய்ய வேண்டும். நூலகமும் ஆங்கில நாளிதழும் வீட்டில் இல்லாதவருக்கு, விலை குறைந்த கையேட்டின் சில பக்கங்களே எட்டும் தொலைவில் இருந்தன.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இப்பயிற்சியின் தாய்நிலங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. தமிழக அரசு 2021இல் தமிழ்மொழித் தாளைக் கட்டாயமாக்கியதைத் தொடர்ந்து, டி.என்.பி.எஸ்.சி. நான்காம் தொகுதித் தேர்வில் பொது ஆங்கிலத்தைத் தெரிவுசெய்யும் வழி இல்லாமற் போயிற்று. ஒன்றிய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்விலோ முதல் கட்டத்து 100 வினாக்களுள் 25 ஆங்கிலத்துக்குரியவை. தொடருக்கு ஒரு சொல் கேட்கும் வினாக்கள் அவற்றுள் இன்றும் இடம்பெறுகின்றன. கட்டுரை, கடிதம், பிரெசி ஆகியவற்றைக் கையால் எழுதச் சொன்ன விரித்தெழுதும் தாள் மட்டும் 2022இல் அத்தேர்விலிருந்து நீக்கப்பட்டது.